போர்ட் ஆஃப் ஸ்பெயின் தேன்சிட்டு

பறவைகளைப் பற்றி எனக்கு எந்தக் காலத்திலும் ஓர் அபிப்பிராயம் இருந்ததில்லை. காக்கா கத்தும், கோழி குழம்பாகும், அதற்கு மேல் அந்தக் கூட்டத்தோடு நமக்கென்ன பேச்சு என்று இருந்தவன் நான். அப்படிப்பட்டவன் ஒரு மார்கழி, தை முழுக்க ஞாயிறு தவறாமல் காட்டுப்பள்ளித் தீவின் சேற்றில் நின்றுகொண்டு, "இதுக்கு வயிறு வெள்ளையா, பழுப்பா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தேன் என்றால், அதற்கு ஒரே காரணம் ஐரீன்.

ஐரீன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தாள். நான் கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. உங்கள் சரக்கு வந்துவிட்டது, வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று வெளியூர் வியாபாரிகளுக்கு ட்ரங்க் கால் போடுவது என் வேலை. லைன் கொடுப்பது அவள் வேலை. போடவேண்டிய அவசியமே இல்லாத கால்களையும் நான் போட ஆரம்பித்த பிறகு, விஷயத்தை இப்படியே இழுக்கக்கூடாது என்று அவளே ஒருநாள் சொல்லிவிட்டாள்.

"டாடிகிட்ட வந்து பேசு. ஆனா பொய் மட்டும் சொல்லாத, கண்டுபுடிச்சிடுவாரு. அதுக்குன்னு நெஜத்த வெடுக்குனு சொல்லிடாத. மனசு ஒடிஞ்சிடும்."

"அப்ப இன்னாதான் சொல்றது?"

"அதான் எனக்கும் தெரில" என்றாள்.

அவள் அப்பா வால்டர், துறைமுக சிக்னல் ஸ்டேஷனில் காலமெல்லாம் உத்தியோகம் பார்த்தவர். அடிவானத்தில் புகை தெரிந்ததுமே டெலஸ்கோப்பைக் கண்ணில் வைப்பார். புகைபோக்கியின் நிறம், அதில் போட்டிருக்கும் பட்டை, உடம்பின் சாயம், தண்ணீருக்கு மேல் எவ்வளவு தூக்கி நிற்கிறது, பின்பக்கம் எந்த ஊர் பெயர் எழுதியிருக்கிறது, எல்லாவற்றையும் பார்ப்பார். பிறகு தடிப் புத்தகத்தில் தேடி, இன்ன கம்பெனியின் இன்ன கப்பல் என்று சொல்லிவிடுவார். புத்தகத்தில் இல்லாத கப்பல் அவரைப் பொறுத்தவரை கப்பலே இல்லை. ஓய்வு பெற்ற அன்று உடன் வேலை பார்த்தவர்கள் ஒரு பித்தளை டெலஸ்கோப்பை வாங்கிக் கொடுத்து வழியனுப்பினார்கள். பாவம், அதை வைத்துக்கொண்டு மனிதர் எதைப் பார்ப்பார்? கப்பல் பார்க்கத்தான் வேறு ஆள் வந்தாயிற்றே. மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய பறவைப் புத்தகம் அவர் கையில் சிக்கியது. அதன் பலனை அனுபவிக்க நான் சிக்கினேன்.

ராயபுரத்தில் அவர் வீட்டு மொட்டை மாடியில் போய் நின்று, "சார், நான் இக்னேஷியஸ்" என்று ஆரம்பித்தேன். அவர் டெலஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கோயில் சிலுவை மேல இன்னா நிக்குது, மிஸ்டர் இக்னேஷியஸ்?"

"காக்கா சார்."

"எந்தக் காக்கா?"

கேள்வியைப் பாருங்கள். பெண் கேட்டு வந்தவனிடம் சம்பளம் கேட்கலாம், குடிப்பாயா என்று கேட்கலாம். எந்தக் காக்கா என்றால் நான் எங்கே போவேன்?

"கருப்புக் காக்கா சார்."

"கழுத்தப் பாரு. சாம்பல் கலரு. புகைபோக்கியப் பாக்காத கம்பெனி பேரு சொல்றவன வேலைக்கி வச்சா, கப்பல் கரையேறி மார்க்கெட்டுக்கு வந்துடும்." டெலஸ்கோப்பை இறக்கி என்னை முதல்முறையாகப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம பூசை முடிச்சி காட்டுப்பள்ளி போறேன். கூட வா. ஒன் கண்ணு எப்டின்னு பாத்துட்டு பதில் சொல்றேன்."

எண்ணூர் பஸ்ஸில்தான் அந்தப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். அட்டை இல்லை, முன்னால் கொஞ்சம் பக்கங்களும் இல்லை. மற்றபடி ஷோக்கான புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் கலர் படம், கீழே இங்கிலீஷில் பொடி எழுத்து விவரம். எங்கு பார்த்தாலும் "இந்தத் தீவில்", "இந்த உஷ்ணத் தீவின் கரையோரத்தில்" என்றுதான் இருந்தது. எந்தத் தீவு என்று சொல்லும் பக்கம் மட்டும் மூர் மார்க்கெட்டுக்கு வருவதற்கு முன்பே எங்கோ கழன்று போயிருந்தது.

"இது எந்தத் தீவு சார்?"

"காட்டுப்பள்ளி தீவா இல்லியா?"

"தீவுதான்."

"உஷ்ணம் கீதா இல்லியா?"

"கொளுத்துது சார்."

"அப்பால இன்னா?"

நான் பக்கங்களைப் புரட்டினேன். ஒரு பறவை போர்ட் ஆஃப் ஸ்பெயினில் நிறைய என்று போட்டிருந்தது. இன்னொன்று அந்த ஊர்த் துறைமுகத்தில். அதெல்லாம் பூமியின் அந்தப் பக்கம் என்கிற அளவுக்கு எனக்கும் பூகோளம் தெரியும். மெதுவாகச் சொன்னேன்.

அவர் என் மேல் கோபப்படவில்லை. இரக்கப்பட்டார்.

"மிஸ்டர் இக்னேஷியஸ், நம்ப ஹார்பர்ல நிக்கிற கப்பலுக்குப் பின்னால லிவர்பூல்னு எழுதியிருந்தா, அந்தக் கப்பல் லிவர்பூல்லயா நிக்குது?"

"இல்ல சார். இங்கதான் நிக்குது."

"லிவர்பூல்ங்கிறது அத்த பதிவு பண்ண ஊரு. கப்பல் எந்த ஊருக்கு வேணா போவும். இரும்பே அவ்ளோ தூரம் வருதுன்னா, ரெக்கை கீறது வராதா?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டரே "கரெக்டு சார்" என்று தலையாட்டிவிட்டுப் போனான்.

எண்ணூர் முகத்துவாரத்தில் பொன்னுரங்கம் படகோடு காத்திருந்தான். அங்குள்ள மீனவர் குப்பத்துக்காரன். கடலுக்குப் போகாத நாளில் வால்டருக்குப் படகு தள்ளுவான். பறவை விஷயத்தில் இவனாவது நமக்குக் கைகொடுப்பான் என்று நம்பி, அக்கரையில் வரிசையாக நின்றவற்றைக் காட்டி, இதெல்லாம் என்ன என்று ரகசியமாகக் கேட்டேன்.

"அது துன்றது" என்றான்.

"பக்கத்துல நிக்கிறது?"

"அது துன்னாதது."

அவ்வளவுதான் அவன் சாஸ்திரம். சிறிசு, பெரிசு, கருப்பு, வெள்ளை என்ற பேதமெல்லாம் அவனுக்குக் கிடையாது.

அன்றைக்கு என் துரதிர்ஷ்டம், கரையிலிருந்த முதல் பறவையே புத்தகத்தோடு பொருந்திவிட்டது. கிளிஞ்சல்களை மூக்கால் புரட்டிப் புரட்டித் தின்றுகொண்டிருந்த ஒரு குட்டிப் பறவை. சிவப்புக் கால், மார்பில் கருப்புப் பட்டை, முதுகில் பழுப்பு, படத்தில் இருப்பது அப்படியே உயிரோடு நடந்துகொண்டிருந்தது. கல்லைப் புரட்டித் தின்னும் வழக்கமுடையது, உலகமெல்லாம் சுற்றுவது என்றும் எழுதியிருந்தது. வால்டர் டெலஸ்கோப்பை மடக்கி, "பாத்தியா?" என்றார். அந்தச் சனியன் மட்டும் அன்று வேறு கரைக்குப் போயிருந்தால் என் ஞாயிறுகள் பிழைத்திருக்கும்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. பொருந்தினால் புத்தகம் சரி. பொருந்தாவிட்டால் பறவை தப்பு. பூநாரைக் கூட்டம் ஒன்று உப்புத் தண்ணீரில் தலைகீழாக மேய்ந்துகொண்டிருந்தது. புத்தகத்துப் பூநாரை செம்பருத்திச் சிவப்பு. இதுவோ வெளுத்த ரோஸ்.

"கலர் ஒத்து வரலியே சார்."

"எவ்ளோ தூரம் வந்திருக்குது! உப்புக் காத்துல சாயம் போவாதா? ஊருக்குப் போய் டிரை டாக்குல ஏறி பெயின்ட் அடிச்சிக்கும்."

இன்னொரு நாள் ஒரு நெட்டைக்கால் பறவை வந்தது. புத்தகத்துப் படத்தில் இருந்த பறவைக்கோ இதில் பாதி உயரக் கால்தான். "சரக்கு எறக்கிட்டு நிக்குது. காலி கப்பல் தண்ணிக்கு மேல தூக்கிக்கினுதான் நிக்கும்" என்றார். மைனா புத்தகத்தில் இல்லவே இல்லை. ஆகவே மைனாவை அவர் பார்ப்பதில்லை. படகின் விளிம்பிலேயே வந்து உட்கார்ந்து என் கட்லெட்டைக் கொத்தும், அவர் அதைத் தாண்டித் தூரத்தில் பார்த்துக்கொண்டிருப்பார். கரிச்சான், செம்பருந்து எல்லாம் அப்படித்தான், பதிவில்லாத கப்பல்கள், வெளியே நிற்கவேண்டியதுதான்.

எல்லாவற்றுக்கும் சிகரம் தேன்சிட்டு. மீனவர் குடிசைகளுக்குப் பின்னால் ஒரு கல்யாண முருங்கை மரம் சிவக்கச் சிவக்கப் பூத்திருந்தது. அதில் கருநீலமாக மின்னிக்கொண்டு தேன்சிட்டு வந்ததைப் பார்த்ததும் மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டார். ஹம்மிங் பேர்டாம். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பதிவானதாம். அவ்வளவு சின்ன உடம்பை வைத்துக்கொண்டு அத்தனை சமுத்திரத்தைத் தாண்டி எண்ணூர் வந்திருக்கிறது என்று சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. எங்கள் வீட்டுக் கொல்லையில் மாதுளைச் செடியில் தினமும் தொங்கும் தேன்சிட்டு அது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஐரீன் போய்விடுவாளே.

புத்தகத்தில் இந்தப் பறவை சர்க்கரைத் தண்ணீருக்கு ஓடிவரும் என்று போட்டிருந்தது. அடுத்த வாரமே ஒரு மருந்து பாட்டிலுக்குச் சிவப்புச் சாயம் அடித்து, சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி மரத்தில் கட்டித் தொங்கவிட்டார். தேன்சிட்டு அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. குளவிகள் பார்த்தன. துணி உலர்த்த வந்த பொன்னுரங்கத்தின் மைத்துனி நீலாவைப் பார்த்தன. அவள் வீங்கிய கன்னத்தோடு எங்களைத் துரத்திக்கொண்டு கரை வரைக்கும் வந்தாள். "ஏன்யா, ஊர்ல ஒங்களுக்கு வேற பொழப்பே இல்லியா? இந்தப் பக்கம் இன்னொரு தபா பாத்தேன், பாட்லு ஒங்க மூஞ்சில தொங்கும்!" என்று அவள் கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. பேஜாரான பிழைப்பு என்று நானே நினைத்துக்கொண்டுதான் ஓடினேன்.

இப்படி வாரம் வாரமாகப் போய்க்கொண்டிருந்தது. பதில் மட்டும் வரவில்லை. கேட்டால், "இன்னும் கொக்கு வகை பாக்கி கீது" என்பார். எனக்கோ அவசரம். எங்கள் கோயில்களில் மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசித்து அறிவித்த பிறகுதான் கல்யாணம். தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை மேளச் சத்தமே கிடையாது. அதற்கிடையில் பெரம்பூரிலிருந்து ஐரீனின் அத்தை ஞானபாக்கியம் அம்மாள், ரயில்வே கார்டு வரன் ஒன்றோடு கிளம்பிவிட்டார்கள். பையன் பச்சைக்கொடி மாதிரி நல்லவனாம். அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை வீட்டாரோடு வருகிறேன், பதில் தயாராக இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"டாடிகிட்ட சொன்னேன்" என்று ஐரீன் போனில் சொன்னாள். "பாக்கலாம்மான்னு சொல்லிட்டு டெலஸ்கோப்ப தொடைக்க போயிட்டாரு. இந்த வாரம் நானும் வரேன். என்ன விட முக்கியமா அங்க இன்னாதான் பறக்குதுன்னு நா பாக்கணும்."

வந்தாள். மஞ்சள் புடவை, கையில் குடை, முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை. பொன்னுரங்கம் அவளைப் பார்த்துவிட்டு, அன்றைக்குத் தன் சட்டைக்குப் பொத்தான்கூடப் போட்டுக்கொண்டான். நீலாவுக்குத் தெரியாமல் சுற்றுவழியாகப் போய்க் கல்யாண முருங்கைக்கு எதிரே நின்றோம். தேன்சிட்டு வந்தது. எப்போதும்போல வந்து பூங்கொத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

வால்டர் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். "இன்னிக்கி நான் வாயே தொறக்க மாட்டேன். நீ பாத்து, நீயே சொல்லு. இது இன்னா?"

பரீட்சை என்று புரிந்துவிட்டது. நான் ஐரீனைப் பார்த்தேன். லைன் பிஸி என்று சொல்லும் குரலுக்குப் பொருத்தமான முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஹம்மிங் பேர்டு சார். யாருக்கு நஷ்டம்? ஆனால் கிழவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். மார்கழி பிறந்ததிலிருந்து விழுங்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றாகத் தொண்டைக்கு வந்துவிட்டது.

"தேன்சிட்டு சார்."

"இன்னா?"

"தேன்சிட்டு! எங்க வூட்டு மாதுளஞ்செடில தெனமும் குந்துற தேன்சிட்டு. ஹம்மிங் பேர்டு அந்தரத்துல நின்னுக்கினு குடிக்கும்னு ஒங்க புஸ்தகத்துலயே போட்டு கீது. இத்தப் பாருங்க, மவராசன் மாதிரி கெளைல குந்திக்கினு குடிக்குது. இது போர்ட் ஆஃப் ஸ்பெயினும் போனதில்ல, ஒரு புண்ணாக்கும் போனதில்ல. எண்ணூர தாண்டியிருந்தாலே பெரிசு! பூநாரைக்கு சாயம் போவல சார், அதோட கலரே அவ்ளோதான். இது எந்த ஊரு புஸ்தகமோ! நம்ப ஊரு பறவைய வச்சிக்கினு எவன் வூட்டு பறவையையோ தேடிக்கினு கீறோம்!"

சொல்லி முடித்ததும்தான் எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரிந்தது. தேன்சிட்டு பறந்துவிட்டது.

பொன்னுரங்கம் தொண்டையைக் கனைத்தான். "எதுவா இருந்தா இன்னா நைனா, அது துன்னாதது" என்றான், சமாதானமாக.

வால்டர் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிப் பைக்குள் வைத்தார். டெலஸ்கோப்பை மடக்கினார். திரும்பிப் படகை நோக்கி நடந்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். ரயில்வே கார்டின் முகத்தை நான் பார்த்ததில்லை, இருந்தாலும் ஐரீனோடு அவன் கோயில் படியிறங்குவது கண்முன் தெரிந்தது. ஐரீன் என் பக்கத்தில் நடந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். "இவ்ளோ நாளா இத்த சொல்ல இன்னா கேடு ஒனக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

எல்லோரும் படகில் ஏறினோம். பொன்னுரங்கம் சேற்றில் கழி குத்திப் பாதிக் கழிமுகம் வரை தள்ளிவந்தான். பிறகு வால்டர், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக ஆரம்பித்தார்.

"அது குந்திக்கினுதான் குடிக்குதுன்னு எனக்கு மொத வாரமே தெரியும்யா. எனக்கு கண்ணு இன்னா போச்சா?"

"அப்ப ஏன் சார்..."

"ஒரு கப்பல ஹார்பர்குள்ள உடாம வெளியவே நிறுத்தணும்னா காரணம் சொல்லணும். அது ரூலு. ஒன்ன நிறுத்தி வைக்க என்கிட்ட ஒரு காரணமும் இல்ல. வேல கீது, குடி இல்ல, எம்பொண்ணுக்கும் புடிச்சிருக்குது. அன்னிக்கி மாடில வந்து நின்னப்பவே பாத்துட்டேன். இன்னா காரணம் சொல்லுவேன்? பறவைங்க கெடைச்சிது." டெலஸ்கோப்பை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "பதில் சொல்லிட்டா இவ போயிடுவா. நானும் டெலஸ்கோப்பும்தான் வூட்ல குந்தியிருக்கணும்."

அந்த நிமிஷம் வரை அவர் மேல் எனக்கு எவ்வளவு எரிச்சல் இருந்தது என்று மேலே படித்தீர்கள். அவ்வளவும் போய்விட்டது. ஐரீன் குடையை மடக்கிவிட்டு அவரைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது, ஆனால் பேச்சில் அதைக் காட்டவில்லை.

"டாடி, இவர் வூடு எங்க கீது?"

"கொருக்குப்பேட்டைல."

"ராயபுரத்துக்கும் கொருக்குப்பேட்டைக்கும் நடுவுல சமுத்திரமா கீது? சைக்கிள்ல கொழம்பு எடுத்துக்கினு வந்தா ஆறக்கூட ஆறாது. இதுக்கா இவர சேத்துல நிக்க வச்சி, அந்த நீலா அக்காவ குளவி கொட்ட வச்சி..." அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

வால்டர் சிரிக்கவில்லை. "அது சரிம்மா. கொழம்பு வரும். ஞாயித்துக்கெழம?"

அவர் என்னைப் பார்க்கவில்லை, படகின் பலகையைப் பார்த்துத்தான் கேட்டார். ஆனால் ஐரீன் என்னைப் பார்த்தாள். பொன்னுரங்கமும் கழி போடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். வாரத்தில் ஒரே ஒரு விடுமுறை நாள். அதை ஆயுசு முழுக்க எழுதிக் கொடு என்கிறார்கள். என்ன செய்வது?

"வரேன் சார்" என்றேன். "ஆனா நம்ப ஊரு புஸ்தகம் ஒண்ணு தேடிப் புடிக்கணும்."

"பாக்கலாம்" என்றார்.

"பெரம்பூர் அத்தை இன்னிக்கி சாயங்காலம் வராங்க டாடி. அவங்களுக்கு இன்னா சொல்றது?" என்று ஐரீன் கேட்டாள்.

அவர் பதில் சொல்வதற்குள் படகு நின்றுவிட்டது. பொன்னுரங்கம் என் பதிலுக்காகக் கழி போடாமல் நின்ற நேரத்தில் தண்ணீர் வடிந்து, படகு சேற்று மேட்டில் தட்டிவிட்டது. அவன் கழியை ஊன்றித் தம் கட்டிப் பார்த்தான். அசையவில்லை. "எறங்கிக்கோங்க. ஆம்பளைங்கோ எறங்குனாத்தான் நவுரும்" என்றான்.

நானும் வால்டரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினோம். சேறு முழங்காலைத் தாண்டி ஏறியது. கலீஜ் என்றால் அப்படியொரு கலீஜ், செத்த நண்டு நாற்றம் வேறு. ஐரீன் படகுக்குள் உட்கார்ந்தபடி, "அந்தப் பக்கம் தள்ளுங்க, இல்ல, இந்தப் பக்கம்" என்று வழி சொன்னாள். இருவரும் தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினோம். படகு முனகியதே தவிர நகரவில்லை.

"இன்னும் கொஞ்சம் தம் குடுத்துத் தள்ளுய்யா, மாப்ளே" என்றார் வால்டர்.

நான் தள்ளுவதை நிறுத்திவிட்டேன். படகுக்குள் ஐரீன் வழி சொல்வதும் நின்றுவிட்டது.

"இன்னா ரெண்டு பேரும் நின்னுட்டீங்க?" என்று அவர் மூச்சு வாங்கிக்கொண்டே கத்தினார். "தண்ணி எறங்கிக்கினே கீது. ஞானபாக்கியம் வர்றதுக்குள்ள வூட்டுக்குப் போவ வாணாமா? தள்ளு!"

தள்ளினேன்.